தென் ஐரோப்பாவில் ஊரும் உணவும்

புதிதாக ஓர் ஊருக்குச் செல்பவர் முதலில் அங்குள்ள கோயிலையும் கோட்டையையும் காண விழைவர். பசி வந்த பிறகே உணவு விடுதியைத் தேடுவர். கண்டது வரலாறு என்றும் உண்டது வயிற்றுப்பாடு என்றும் இரண்டையும் வெவ்வேறாகக் கருதுவதே பெரும்பாலோர் வழக்கம். நாங்கள் நால்வர் இளவேனிற் காலத்தில் தென் ஐரோப்பிய நகரங்கள் ஆறினைக் காணச் சென்றபோது அவ்வழக்கத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. கல்லில் வரையப்பட்ட வரலாறு பெரும்பாலும் வென்றவர்களின் வரலாறு. தோற்றவர், துரத்தப்பட்டவர், கூலிக்கு உழைத்தவர், கடல் கடந்து வந்தவர் ஆகியோரின் வரலாற்றை அந்நகரங்களின் அடுப்பங்கரையிலேதான் தேட வேண்டும். அதனை ஓரளவு விளக்குவதே இப்பேச்சின் நோக்கம். அங்கே விருந்தினராகச் செல்லும் நமக்கு ஒரு கடமையும் உண்டு. அதனையும் உடன் கூற வேண்டியிருக்கிறது.

எங்கள் பயணம் ரோமாபுரியில் தொடங்கி, நேபிள்ஸ், வெனிஸ், கார்டோவா, செவில் ஆகிய நகரங்களின் வழியே சென்று லிஸ்பனில் முடிந்தது. இவ்வரிசைக்கு ஒரு காரணம் உண்டு. நம் நாட்டு மேலைக் கடற்கரையில் விளைந்த மிளகு பண்டைக் காலத்தில் ரோமாபுரிக்குச் சென்றது. இடைக்காலத்தில் அதன் பெருஞ்சந்தையாக வெனிஸ் விளங்கியது. 1498ஆம் ஆண்டிற்குப் பிறகு லிஸ்பன் அவ்வாணிகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. மிளகு சென்ற அடிச்சுவட்டிலேயே நாங்களும் சென்றோம் எனலாம்.

ரோமாபுரியில் காணத்தக்க கட்டடங்களுக்குக் குறைவில்லை. கொலோசியம் என்னும் மாபெரும் களரி கி.பி. 80ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. ஹேட்ரியன் பேரரசன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 126இல் முடிவுற்ற பாந்தியன் கோயிலின் கவிகை 43 மீட்டர் அகலமுடையது. இரும்புக் கம்பி சேராத காரைக் கவிகைகளுள் இன்றும் உலகிற் பெரியது இதுவே. அதன் உச்சியில் வட்டமான ஒரு திறப்பு இருக்கிறது. வெயிலும் மழையும் அதன் வழியே நேராகத் தரையில் விழுகின்றன. விழும் நீர் வடிவதற்குத் தரையில் சிறு துளைகள் அமைத்திருக்கிறார்கள். கி.மு. 19ஆம் ஆண்டில் அக்ரிப்பா என்பவர் வெட்டுவித்த நீர்க்கால் வழியே வரும் தண்ணீர் இன்றும் திரேவி நீரூற்றில் பாய்கிறது. தெருக்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குடிநீர்க் குழாய்கள் இரவும் பகலும் ஒழுகிக்கொண்டிருக்கின்றன. வளைந்த குழாயின் தோற்றத்தால் அவற்றைப் 'பெருமூக்கு' என்று அவ்வூரார் அழைக்கின்றனர். வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல் வைக்கும் நம் நாட்டவர்க்கு இக்காட்சி மகிழ்ச்சி தரும்.

முதல் நாள் நண்பகலில் நாங்கள் ஒரு பிழை செய்தோம். புகழ்பெற்ற இடமொன்றின் அருகிலேயே ஒரு விடுதியில் அமர்ந்தோம். வாயிலில் பண்டங்களின் வண்ணப் படங்கள் தொங்கின. ஒருவர் நின்று வருவோர் போவோரையெல்லாம் அழைத்துக்கொண்டிருந்தார். ஆறிப்போன பாஸ்தாவை மீண்டும் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தார்கள். பண்டத்தின் விலை போக, அமர்ந்ததற்கும் ரொட்டிக்கும் தனியே ஒரு தொகை சேர்த்திருந்தார்கள். சுற்றிலும் உண்டுகொண்டிருந்தவருள் அவ்வூரார் ஒருவர்கூட இல்லை என்பதை எழுந்து வரும்போதுதான் கவனித்தோம். அவ்வூரார் எங்கே உண்கின்றனரோ அங்கேயே நாமும் உண்பது என்று அன்று மாலை முடிவு செய்தோம்.

அம்முடிவே எங்களை டெஸ்டாச்சியோ என்னும் பகுதிக்கு அழைத்துச் சென்றது. அங்கே ஆற்றங்கரைக்கு அண்மையில் 35 மீட்டர் உயரமுள்ள ஒரு குன்று உள்ளது. அஃது இயற்கைக் குன்றன்று. ஆலிவ் எண்ணெய் நிரப்பி வந்த மண் ஜாடிகளை உடைத்து அடுக்கியதால் உண்டானது. ஐந்து கோடிக்கும் மேற்பட்ட ஜாடிகளின் ஓடுகள் அதில் இருக்கலாம் என ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். எண்ணெய் ஊறிச் சிக்கடித்த ஜாடியை மறுமுறை பயன்படுத்த இயலாது. ஆதலால் உடைத்து, வரிசையாக அடுக்கி, நாற்றம் எழாதிருக்கச் சுண்ணாம்பு தூவி வைத்தனர். எடை இவ்வளவு, அனுப்பிய வணிகர் இன்னார் என்று பல ஓடுகளில் மையினால் எழுதியிருப்பதை இன்றும் படிக்கலாம். அவற்றுள் பெரும்பாலானவை தென் ஸ்பெயினிலிருந்து வந்தவை. அக்காலத்து மத்தியதரைக் கடல் ஜாடிகளின் ஓடுகள் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிலும் கிடைத்திருக்கின்றன. மது வந்த ஜாடிகளோடு எண்ணெய் வந்த ஜாடிகளும் அவற்றுள் உண்டு.

அங்கிருந்து எண்ணெய் நம் கரைக்கு வந்தது போலவே, இங்கிருந்து மிளகு அவர்கள் கரைக்குச் சென்றது. டொமிஷியன் பேரரசன் மிளகு சேமிப்பதற்கென்றே நகரின் நடுவில் பண்டகசாலைகள் கட்டினான். கி.பி. 408இல் கோத்தியர் தலைவன் அலாரிக் நகரை முற்றுகையிட்டு மீட்புப் பணம் கேட்டபோது, பொன்னோடும் வெள்ளியோடும் பட்டோடும் 3,000 ராத்தல் மிளகும் கேட்டான் என்று வரலாறு கூறுகிறது. இன்று ரோமாபுரியின் எளிய உணவுகளுள் தலையாயது, பாஸ்தாவில் செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டியைத் துருவி மிளகுப் பொடி தூவிப் பிசைந்து தருவது. வெண்ணெயோ வேறு மசாலையோ அதிற் சேராது. பாஸ்தா வெந்த நீரைச் சிறிது விட்டுக் குழைத்தாலே பாலாடைக்கட்டி கூழ்ப்பதம் ஆகிவிடுகிறது. மிளகின் காரம் நாவில் பட்டபோது வெளிநாட்டில் இருக்கிறோம் என்னும் நினைவு எங்களுக்குச் சற்றே அகன்றது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அப்பாலாடைக்கட்டியை உறைய வைப்பதற்கு ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைப் பயன்படுத்துகின்றனர். கடுமையாகச் சைவ நெறி காப்பவர் இதனை அறிந்திருத்தல் நலம்.

அதே டெஸ்டாச்சியோவில் 1890ஆம் ஆண்டையொட்டி ஒரு பெரிய இறைச்சிக்கூடம் எழுந்தது. 1975 வரை அது நடைபெற்றது. நல்ல துண்டங்கள் செல்வர் வீடுகளுக்குச் செல்ல, எஞ்சிய வால், குடல், ஈரல் முதலியன தொழிலாளருக்குக் கூலியின் ஒரு பகுதியாக அளிக்கப்பட்டன. அவற்றை 'ஐந்தாவது கால்' என்று அழைத்தனர். அத்தொழிலாளர் குடும்பத்துப் பெண்களும் சுற்றியிருந்த சிறு விடுதிக்காரரும் அவற்றைப் பல மணி நேரம் வேகவைத்துச் சமைத்த முறைகள் இன்று ரோமாபுரிச் சமையலின் சிறப்பாகப் போற்றப்படுகின்றன.

ஆற்றின் வளைவில் யூதர் வாழ்ந்த பகுதி ஒன்று உள்ளது. 1555ஆம் ஆண்டில் போப்பாண்டவர் நான்காம் பால், யூதர் அனைவரும் மதில் சூழ்ந்த ஒரே பகுதியில் வாழ வேண்டுமென ஆணையிட்டார். இரவில் அதன் வாயில்கள் அடைக்கப்பட்டன. 1870இல்தான் அக்கட்டுப்பாடு முற்றும் ஒழிந்தது. நெருக்கடியான அத்தெருக்களில் பிறந்த பண்டம், ஆர்ட்டிசோக் என்னும் முள்மொட்டை எண்ணெயில் இருமுறை பொரிப்பது. பொரிந்ததும் இதழ்கள் விரிந்து பொன்னிற மலர்போல் நிற்கும். உப்பைத் தவிர வேறொன்றும் வேண்டுவதில்லை. அப்பளம் நொறுங்குவதுபோல் இதழ்கள் நொறுங்கும். 1943 அக்டோபர் 16ஆம் நாள் நாஜிப் படையினர் இந்நகரத்து யூதரைச் சூழ்ந்து பிடித்து, ஆயிரத்துக்கு மேற்பட்டவரைக் கொலைமுகாமுக்கு அனுப்பினர். திரும்பி வந்தவர் பதினாறு பேரே. இன்று அப்பண்டத்தைக் கேட்டு வாங்கி உண்ணாத பயணி இல்லை. உண்ணும்போது இவ்வரலாற்றையும் அறிந்திருப்பது நாம் செலுத்தக்கூடிய சிறு மரியாதை.

ரோமாபுரியிலிருந்து இரயிலில் ஒரு மணி நேரத்திற்குச் சற்றே மேல் சென்றால் நேபிள்ஸ். கிரேக்கர் குடியேறி 'புதிய நகர்' எனப் பெயரிட்ட ஊர் அது. நகருக்கு அப்பால், கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த பாம்ப்பி நகரம் உள்ளது. அங்கே தெருவோரச் சிற்றுண்டிக் கடைகள் எண்பதுக்கும் மேல் கண்டெடுக்கப்பட்டுள்ளன. கல் மேடையில் குழி செய்து ஜாடிகளைப் பதித்து, அவற்றில் உணவை வைத்து விற்றார்கள். 2020 டிசம்பரில் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்ட ஒரு கடையின் முகப்பில் சேவலும் வாத்தும் வண்ணம் மாறாமல் தீட்டப்பட்டிருக்கின்றன. ஜாடிகளின் அடியில் வாத்து, ஆடு, பன்றி, மீன் ஆகியவற்றின் எச்சங்கள் இருந்தன. வீட்டில் அடுப்பு வைக்க வசதியில்லாத எளியோர்க்கு இக்கடைகளே சமையலறையாக இருந்தன. இன்றைய நேபிள்ஸின் குறுகிய தெருக்களில் நின்றபடியே உண்போரைக் கண்டபோது, பாம்ப்பி முற்றும் அழிந்துவிடவில்லை என்றே எங்களுக்குத் தோன்றியது.

நேபிள்ஸ் என்றதும் பிட்சாவும் தக்காளியும் நினைவுக்கு வரும். ஆனால் பாம்ப்பியில் வாழ்ந்தவர் தக்காளியைக் கண்டதேயில்லை. அது பதினாறாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்தது. நெடுங்காலம் அதை உண்ண அஞ்சினர். 1690களில் நேபிள்ஸில் அச்சான அந்தோனியோ லத்தீனி என்பவரின் சமையல் நூலில்தான் இத்தாலியத் தக்காளிக் குழம்பின் முதற் குறிப்புகளுள் ஒன்று காணப்படுகிறது. 'ஸ்பானிய முறை' என்றே அவர் அதற்குப் பெயர் தந்தார். பின்னர் அது ஏழைகளின் உணவாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நகரத்து ஏழை மக்கள் தெருவில் விற்ற பாஸ்தாவைக் கையால் எடுத்து அண்ணாந்து உண்டனர். கையால் உண்பதைக் குறைவாகப் பேசும் மேனாட்டார் இச்செய்தியை மறந்துவிடுகின்றனர்.

பிட்சாவும் கூலியாட்களின் உணவே. 1889இல் இத்தாலிய அரசி மார்கரீத்தாவிற்காகத் தக்காளியின் சிவப்பும் பாலாடைக்கட்டியின் வெண்மையும் துளசியினத்து இலையின் பச்சையும் கொண்டு நாட்டுக் கொடியின் நிறத்தில் ஒன்று செய்து தந்தார்கள் என்ற கதையை எல்லோரும் சொல்வர். வரலாற்றாசிரியர் சிலர் இதனை ஐயுறுகின்றனர். ஐயத்துக்கு இடமில்லாதது அதனைச் சுடும் கலை. விறகடுப்பின் வெம்மை 485 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏறும். மாவு உள்ளே சென்று ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்து வெளியே வந்துவிட வேண்டும். ஓரம் உப்பியும் நடு மெலிந்தும் இருக்கும். 2017இல் யுனெஸ்கோ நிறுவனம் இக்கலையை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

நேபிள்ஸில் நாங்கள் கற்ற வேறொரு பழக்கத்தையும் கூற வேண்டும். காப்பிக் கடைக்கு வருபவர் இரண்டு காப்பிக்குப் பணம் தந்து ஒன்றை மட்டும் அருந்திச் செல்வதுண்டு. மற்றொன்று, பணமின்றி வருபவர் எவரேனும் கேட்டால் அவருக்குத் தரப்படும். தந்தவர் யார், பெற்றவர் யார் என்பதை ஒருவரையொருவர் அறியார். இதனை 'நிறுத்தி வைத்த காப்பி' என்பர். செல்வம் மிகுந்த ஊரன்று நேபிள்ஸ். எனினும் முன்பின் அறியாதவரையும் விருந்தினராக எண்ணும் மனம் அங்கே இருக்கிறது.

அடுத்து வெனிஸ். உப்பங்கழியின் நடுவே சிறு திட்டுகளில், சேற்றில் இலட்சக்கணக்கான மரக்கம்பங்களை இறக்கி, அவற்றின்மேல் கல் பரப்பி எழுப்பிய நகரம் அது. தெருவெல்லாம் வாய்க்கால், வண்டியெல்லாம் ஓடம். விளைநிலம் இல்லாத இவ்வூர் வாணிகத்தாலேயே வாழ்ந்தது. இந்தியாவிலிருந்து செங்கடல் வழியாக எகிப்து சென்ற மிளகை அலெக்சாந்திரியாவில் வாங்கி ஐரோப்பா முழுவதற்கும் விற்றது. 1271இல் இங்கிருந்து புறப்பட்டு 1295இல் திரும்பிய மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றியும் தம் நூலில் கூறியுள்ளார்.

வெனிஸ் உணவில் கடலோடிகளின் கைவண்ணம் தெரிகிறது. மத்தி மீனைப் பொரித்து, வதக்கிய வெங்காயம், புளிக்காடி, உலர்ந்த திராட்சை ஆகியவற்றோடு அடுக்கி ஒன்றிரண்டு நாள் ஊறவைத்து உண்கின்றனர். நெடுநாள் கடலில் கெடாதிருக்கக் கண்ட வழி இது. முந்தைய நாள் மீன் குழம்பின் சுவையை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1432இல் பியேத்ரோ குவெரீனி என்னும் வெனிஸ் மாலுமி கப்பல் உடைந்து நார்வேயின் வடகோடித் தீவொன்றில் ஒதுங்கினார். அங்கு மீனவர் குளிர்காற்றில் உலர்த்திய மீனைக் கண்டு திரும்பினார். அம்மீனை ஊறவைத்து, வேகவைத்து, எண்ணெய் விட்டு வெண்ணெய்போல் கடைந்து ரொட்டியின்மேல் தடவித் தருவது இன்று அந்நகரின் சிறப்பு உணவு. சிறிய கடைகளில் நின்றவாறே ஒவ்வொரு துண்டாக உண்டு அடுத்த கடைக்குச் செல்வது அங்குள்ள முறை. மீன் உண்ணாத எங்கள் நண்பர்க்கு அரிசியும் பச்சைப் பட்டாணியும் சேர்ந்த குழைசோறு கிடைத்தது. முற்காலத்தில் நகரத்தின் காவலரான மார்க் முனிவர் திருநாளாகிய ஏப்ரல் 25இல் அரசுத் தலைவர்க்குப் படைக்கப்பட்ட உணவு அது.

அதே ஏப்ரல் 25ஆம் நாள் வெனிஸ் வரலாற்றில் வேறொரு காரணத்துக்காகவும் இடம் பெற்றுவிட்டது. 2024ஆம் ஆண்டு அந்நாளில், காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கும் முறை தொடங்கியது. கூட்டம் மிகும் குறிப்பிட்ட நாட்களுக்கே அது பொருந்தும். இரவு தங்குவோர்க்குக் கட்டணம் இல்லை. விருந்துண்ட நாளில் வாயிற்கட்டணம் வாங்க நேர்ந்தது ஏன்? 1951இல் பழைய நகரப் பகுதியில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022 ஆகஸ்டில் அத்தொகை 50,000க்கும் கீழே இறங்கிவிட்டது. வீடுகள் பயணியர் விடுதிகளாக மாறின. காய்கறிக் கடை இருந்த இடத்தில் முகமூடிப் பொம்மைக் கடை வந்தது. வாடகை ஏறியதால் இளைஞர் கரைப்பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். 2019 நவம்பரில் 187 சென்டிமீட்டர் உயர்ந்து ஊருக்குள் புகுந்த கடல்நீரை, 2020 அக்டோபர் முதல் இரும்புத் தடுப்புக் கதவுகள் தடுத்துவருகின்றன. மனித வெள்ளத்துக்கு அத்தகைய கதவு இல்லை. ரியால்டோ மீன் சந்தையில் பலகைகள் பல வெறுமையாகக் கிடந்தன. வாங்கும் குடும்பங்கள் குறைந்துவிட்டால் மீன் சந்தை எதற்கு? கண்டு செல்லும் கூட்டம் பெருகப் பெருக, காணத்தக்க வாழ்வு அங்கே குறைந்துகொண்டு வருகிறது.

வெனிஸிலிருந்து விமானமேறித் தென் ஸ்பெயினை அடைந்தோம். ரோமாபுரியின் ஓட்டுக் குன்றுக்கு எண்ணெய் அனுப்பிய நாடு இது. கார்டோவாவைச் சூழ்ந்து இன்றும் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை ஆலிவ் தோப்புகளே. நகரின் பெரும் பள்ளிவாசல் 785ஆம் ஆண்டில் முதலாம் அப்துர் ரகுமானால் தொடங்கப்பெற்றது. 856 தூண்களும், அவற்றின்மேல் செம்மையும் வெண்மையும் மாறிமாறி வரும் இரட்டை வளைவுகளும் பனந்தோப்புக்குள் நுழைந்தாற் போன்ற உணர்வைத் தருகின்றன. 1236இல் கிறித்தவ அரசர் நகரைக் கைப்பற்றிய பின் அது மாதா கோயிலாயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் தூண்களின் நடுவே ஓர் உயர்ந்த தேவாலயமே எழுப்பப்பட்டது.

ஸ்பானிய மொழியில் எண்ணெய்க்கு 'அசேய்த்தே' என்று பெயர். அது அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அரிசியைக் குறிக்கும் 'அரோஸ்' என்பதும் அரபு வழியே வந்ததுதான். சர்க்கரையைக் குறிக்கும் 'அசூக்கர்', வடமொழிச் 'சர்க்கரா' பாரசீகமும் அரபும் கடந்து சென்று அடைந்த உருவம். ஆரஞ்சுப் பழத்திற்கு அவர்கள் வழங்கும் 'நரஞ்சா' என்னும் சொல் வடமொழி 'நாரங்க' என்பதோடு தொடர்புடையது. அதன் மூலம் திராவிட மொழிகளில் உள்ளது என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் கருத்து. நம் நாரத்தையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பள்ளிவாசலின் முற்றத்தில் வரிசையாக நிற்கும் ஆரஞ்சு மரங்களின் அடியில் அமர்ந்து இதனை எண்ணிப் பார்த்தோம். மரத்தையும் பயிரையும் நீர்ப்பாசன முறையையும் கொண்டுவந்தவர் அராபியர். பெயரும் அவர்கள் விட்டுச் சென்றதே.

ஆனால் அவர்கள் வழிவந்தோர் அங்கே இருக்கவிடப்படவில்லை. 1492இல் யூதர் நாடு கடத்தப்பட்டனர். மதம் மாறி வாழ்ந்த முஸ்லிம்களின் வழித்தோன்றல்களும் 1609 முதல் 1614 வரை வெளியேற்றப்பட்டனர். இடைப்பட்ட காலத்தில் சமய விசாரணை மன்றத்தார் சமையலறையையும் விட்டுவைக்கவில்லை. பன்றிக் கொழுப்பை நீக்கி எண்ணெயில் சமைப்பவரைப் பழைய மதத்தை மறைவில் காப்பவர் என்று ஐயுற்றனர். இன்றோ அந்நாட்டவர் யாவரும் எண்ணெயிலேயே சமைக்கின்றனர். மனிதரை விரட்டியவர்களால் அம்மனிதரின் உணவை விரட்ட இயலவில்லை. கார்டோவாவில் ரொட்டி, பூண்டு, எண்ணெய், தக்காளி ஆகியவற்றை அரைத்துக் குளிரக் குளிரத் தரும் கூழ் மிகப் புகழுடையது. தக்காளி வருமுன் அதனை வாதுமைப் பருப்பால் செய்தனர். அந்த வெள்ளைக் கூழும் இன்றும் கிடைக்கிறது. மேலே தூவும் முட்டையும் இறைச்சியும் வேண்டாமென்று முன்னரே சொல்லிவிடுவது நல்லது.

கார்டோவாவிலிருந்து இரயிலில் முக்கால் மணி நேரத்தில் செவில். அங்குள்ள மணிக்கூண்டு பழைய பள்ளிவாசலின் கோபுரம். மேலே செல்லப் படிகள் இல்லை. 35 சரிவுப் பாதைகள் உள்ளன. தொழுகைக்கு அழைப்பவர் குதிரைமேல் ஏறிச் செல்வதற்காக அவ்வாறு அமைத்தனர் என்பர். 1503இல் அமெரிக்க வாணிகம் முழுவதையும் ஆளும் அலுவலகம் இந்நகரில் நிறுவப்பட்டது. தக்காளியும் மிளகாயும் கொக்கோவும் ஐரோப்பாவுக்குள் நுழைந்த முதல் வாயில்களுள் செவில் ஒன்று. 1519இல் மெகல்லன் ஐந்து கப்பல்களோடு இங்கிருந்து புறப்பட்டார். 1522இல் கிராம்புச் சுமையோடு திரும்பியது ஒரே கப்பல். அதில் உயிரோடு இருந்தவர் 18 பேர். தலைவரும் அவர்களுள் இல்லை. ஒரு பிடி கிராம்பின் விலையை உலகம் அன்று அவ்வாறு கொடுத்தது. செவிலில் எங்களுக்கு மிகவும் பிடித்தது, கொண்டைக்கடலையும் பசலையினக் கீரையும் சீரகமும் சேர்ந்த கூட்டு. வீட்டை நினைவூட்டிய உணவு அது. தெருவெங்கும் காய்த்துக் குலுங்கும் ஆரஞ்சு மிகவும் கைப்பு. அங்கே அதனை அப்படியே உண்பாரில்லை. பழப்பாகு செய்ய இங்கிலாந்துக்கு அனுப்புகின்றனர். நம் வீட்டுப் பெரியவர்கள் கண்டால் ஊறுகாய்க்கு ஆகும் என்று பறிக்கத் தொடங்கியிருப்பர்.

செவிலிலிருந்து பேருந்தில் போர்ச்சுகல் நாட்டுத் தலைநகரான லிஸ்பனுக்குச் சென்றோம். 1755 நவம்பர் 1ஆம் நாள் நிலநடுக்கத்தாலும் கடற்கோளாலும் தீயாலும் பாழ்பட்டுப் பின் திருத்தமாகக் கட்டப்பெற்ற நகரம் இது. ஆற்றங்கரையில் பெலேம் என்னுமிடத்தில் பால்போல் வெண்ணிறமான ஒரு துறவியர் மடம் உள்ளது. ஆப்பிரிக்காவோடும் கீழை நாடுகளோடும் நடந்த வாணிகத்தில் நூற்றுக்கு ஐந்து வீதம் வரி எடுத்து அம்மடத்தைக் கட்டினர். கற்றூண்களில் கயிறும் நங்கூரமும் செதுக்கியிருக்கின்றனர். நம் மலைச்சாரலில் மிளகு பறித்தவரின் உழைப்பும் அக்கற்களில் கலந்திருக்கிறது. 1497 ஜூலையில் புறப்பட்டு 1498 மே மாதம் கோழிக்கோட்டை அடைந்த வாஸ்கோ ட காமாவின் கல்லறை உள்ளேயே இருக்கிறது. 1524இல் கொச்சியில் இறந்த அவரது உடலைப் பின்னர் இங்கே கொண்டுவந்தனர். 1502இல் மெக்கா யாத்திரையிலிருந்து திரும்பிய கப்பல் ஒன்றைப் பயணிகளோடு எரித்தவர் அவர். அழகிய அக்கல்லறை அதனைக் கூறவில்லை. நாங்கள் அங்கே சிறிது நேரம் பேசாமல் நின்றோம்.

மடத்தின் அண்மையிலேயே முட்டைக் கருவும் பாலும் சர்க்கரையும் கலந்து மாவுக் கிண்ணத்தில் ஊற்றிச் சுட்ட சிறு பணியாரம் விற்கின்றனர். 1834இல் துறவியர் மடங்கள் மூடப்பட்ட பிறகு, மடத்துச் செய்முறை கடைக்கு வந்தது. 1837 முதல் அங்கே விற்பனை நடக்கிறது. அதன்மேல் இலவங்கப்பட்டைப் பொடியைத் தூவி உண்கின்றனர். அவ்விலவங்கப்பட்டைக்காகவே போர்ச்சுகீசியர் ஒன்றரை நூற்றாண்டு இலங்கைக் கரையைப் பற்றியிருந்தனர். மற்றோர் உணவு, வடகடல் மீனை உப்பிட்டு உலர்த்திய கருவாடு. ஓரிரு நாள் நீரில் ஊறவைத்து உருளைக்கிழங்கோடும் முட்டையோடும் சமைக்கின்றனர். எடுத்துச் சென்றவர்கள் சிலவற்றைக் கொடுத்தும் சென்றனர். அமெரிக்க மிளகாயை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர் போர்ச்சுகீசியரே. மிளகுக்கு உறவாக்கி அதற்கு நாம் பெயரிட்டோம். அன்னாசிப் பழமும் அவர்கள் வழி வந்தது. நாம் அன்றாடம் வழங்கும் மேசை, சாவி, அலமாரி, ஜன்னல் ஆகிய சொற்களும் அம்மொழியினவே. லிஸ்பன் கடையில் 'மேசா' என்று கேட்டபோது எங்களுக்கு வியப்பும் நகைப்பும் ஒருங்கே உண்டாயின.

இந்நகரங்களைக் காணச் செல்வோர்க்குச் சில குறிப்புகள் கூறலாம். ஸ்பெயினில் பகலுணவு இரண்டு மணிக்கு முன்பும் இரவுணவு ஒன்பது மணிக்கு முன்பும் கிடைப்பது அரிது. பசியை அவ்வூர் நேரத்துக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும். இத்தாலியில் காப்பியை நின்றுகொண்டு அருந்தினால் விலை குறைவு. மீன் சேர்ந்த பாஸ்தாவின்மேல் பாலாடைக்கட்டி கேட்டால் பரிமாறுபவர் முகம் சுளிப்பார். நாங்கள் கேட்டு அறிந்தோம். கூட்டம் மிகுந்த கோடைக் காலத்தைத் தவிர்த்து இளவேனிலிலோ இலையுதிர் காலத்திலோ செல்வது நலம். பத்து ஊர்களை ஓடி ஓடிப் பார்ப்பதினும் மூன்று ஊர்களில் தங்கிப் பார்ப்பது மேல். காலையில் சந்தைக்குச் செல்க. அங்கே கண்ட காய்கனியே அன்றைய உணவாக எந்தக் கடையில் கிடைக்கிறதோ அங்கே உண்க. இரவு தங்கி, அவ்வூரார் நடத்தும் சிறு கடையில் செலவிடும் பணம் அவர்கள் அங்கேயே வாழத் துணை செய்யும். குடியிருப்பு வீடுகளை விடுதிகளாக்கிய இடங்களில் தங்குவதற்கு முன் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2024 கோடையில் பார்சலோனா நகர மக்கள் தெருவில் இறங்கிப் பயணியர்மேல் விளையாட்டுத் துப்பாக்கியால் நீர் தெளித்துத் தம் மனக்குறையைக் காட்டியதை நாம் பொருட்படுத்தாமல் இருக்க இயலாது.

தமிழில் விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம் பொருள். புதிதாக வந்தவரை விருந்து என்றோம். வந்தவர்க்கு இடும் உணவும் பிற்காலத்தில் அப்பெயரையே பெற்றது. விருந்தோம்பும் கடமையை நாம் நிரம்பப் பேசியிருக்கிறோம். விருந்தினராகச் செல்பவரின் கடமை அவ்வளவு பேசப்படவில்லை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாகாது என்னும் பழமொழி ஒன்றே அதற்குப் போதும். வெனிஸை விட்டுப் புறப்பட்ட காலையில், எங்கள் விடுதியின் எதிரே ஒரு மூதாட்டி கைப்பையில் கொஞ்சம் பட்டாணியும் வெங்காயமும் வாங்கிக்கொண்டு பாலத்தின் படிகளில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தார். எங்கள் பெட்டிகளும் எங்களைப்போன்ற பலருடைய பெட்டிகளும் அப்படிகளை அடைத்துக்கொண்டிருந்தன. நாங்கள் பெட்டிகளைத் தூக்கி ஒதுங்கி அவருக்கு வழி விட்டோம். அவர் தலையசைத்துச் சென்றார். அவர் வீட்டு அடுப்பு எரியும் வரையிலேதான் வெனிஸ் ஓர் ஊர்.